நாவலேரி நாச்சியார்

ஸ்ரீ:
திருவள்ளூர்
12-2-1971

அன்புள்ள அஞ்சம்மாளுக்கு,

நானும் என் டிரங்குப் பெட்டியும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தோம். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது நீ கட்டிக்கொடுத்த வேர்க்கடலை மூட்டை அவிழ்ந்து பிளாட்பாரம் முழுக்க உருண்டது. நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்தார்கள். பாதிதான் என் கைக்கு வந்தது. பொறுக்கியவர்களின் வாய் அசைந்துகொண்டே இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் வீட்டில் இருந்த அந்த ஒரு வாரத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பின் தெரியாத பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தி, இடிந்த கோயிலைப் பார்க்கவேண்டும் என்று பெட்டியோடு வந்து நிற்கிறாள். நீயும் உன் வீட்டுக்காரர் பச்சையப்பனும் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெல் மூட்டைகளை வெளியே தள்ளி உள்ளறையை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, பச்சையப்பன் மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்தார். நான் தனியாகத் தளிகை பண்ணிச் சாப்பிடுகிறவள் என்று தெரிந்ததும் கொல்லையில் புதிதாக ஓர் அடுப்பு போட்டு, சந்தையிலிருந்து புதுப் பானையும் வாங்கி வந்து வைத்தாய். "உங்க சாத்தரம் உங்களுக்கு, எங்குளுக்கு இன்னா வருத்தம்" என்றாய். மன்னியிடம் சொன்னேன். அண்ணா பெண்டாட்டி என்றாலும் மன்னிக்கு என்மேல் பிரியம் அதிகம். அப்படி ஓர் இடம் எனக்கும் இருந்தால் நானும் நாலு நாள் போய் இருப்பேன் என்று பெருமூச்சு விட்டாள்.

எங்கள் முன்னோர்கள் நாவலேரிப் பெருமாளுக்குப் பூஜை பண்ணினவர்கள் என்று அப்பா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருதரம் போய்ப் பார்க்கவேண்டும் என்று சொல்லியே போய்ச்சேர்ந்தார். அவருக்காகத்தான் வந்தேன். கூரை இல்லாத சந்நிதியையும் ஆலமரம் பிளந்துவிட்ட சுவரையும் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பெருமாள் நின்ற இடத்தில் வெறும் பீடம். மிஞ்சியவள் நாச்சியார் ஒருத்தி. அவளுக்கும் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது, மூக்கு நுனி உடைந்துவிட்டது. அப்படிப்பட்டவளைக் குளிப்பாட்டித் துடைத்து, துணி கட்டி, பொட்டு வைக்க அந்தக் காட்டுக்குள் ஒருத்தி இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு நீ ஊற்றினாயே, சாமிக்கு யாராவது அப்படி ஊற்றுவார்களா என்று முதலில் சிரிப்பு வந்தது. நாலு வயதில் பேதி வந்து போன உன் குணசுந்தரியைப் பற்றி நீ சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தாயாரை இத்தனை நாள் நீ காப்பாற்றியிருக்கிறாய். உனக்கு நான் ஏதாவது செய்தே தீருவேன். எருமை கன்று போட்டால் எழுது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
வைஜயந்தி


நாவலேரி
5-3-1971

டீச்சரம்மாவுக்கு அஞ்சம்மாள் கும்பிட்டு எழுதுவது. நான், அவர், எருமை எல்லாரும் சுகம். அஞ்சாம் கிளாசோடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். சிவப்பு மை போட்டுத் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

எருமை கிடாக்கன்று போட்டது. அவருக்கு வருத்தம். பொட்டைக் கன்றாக இருந்தால் ஆகுமே என்று பார்த்தார். நடவு முடிந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுசாகப் பட்டறைகள் கட்டுகிறார்கள். எங்கள் ஊர் ஆட்கள் பாதிப் பேர் மண் சுமக்கப் போய்விட்டார்கள். நடவுக்கு ஆள் கிடைப்பது பேஜாராக இருக்கிறது.

ஒரு குறை சொல்கிறேன், கோவிக்கக் கூடாது. ஒரு வாரம் என் வீட்டில் இருந்தீர்கள். என் கையால் ஒரு வாய் சோறு போட முடியவில்லை. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் போன பிறகு அந்தக் கொல்லை அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம், நம் வீட்டுக்கு வந்தவர்களை நாமே பட்டினி போட்ட மாதிரி மனசு கேட்கவில்லை.

நாச்சியாரைப் பற்றி நீங்கள் பெரிய வார்த்தை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் சாமியைக் காப்பாற்றவில்லை அம்மா. குணா என்னை விட்டுப் போன அந்த வருஷம், பொழுது விடிந்தால் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு செம்பு செம்பாகத் தண்ணியைத் தரையில் ஊற்றிக்கொண்டிருப்பேன். என் கை சும்மா இருக்காது. எனக்குப் பயித்தியம் என்று ஊரில் பேரானது. அப்புறம் ஒரு நாள் ஆட்டைத் தேடிக்கொண்டு கோயிலுக்குள் போனேன். புதருக்குள் இவள் நின்றிருந்தாள். குணா உசரம்தான். முகமெல்லாம் புழுதி. யாரும் இல்லாமல் இப்படி நிற்கிறாளே என்று ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றினேன். அன்றைக்கு ராத்திரிதான் சோறு தின்றேன். அவ்வளவுதான் கதை. இதை உங்களிடம் சொன்ன மாதிரி நான் யாரிடமும் சொன்னது கிடையாது.

லீவு விட்டால் வாங்க. உள்ளறையில் மூட்டை போடாமல் வைத்திருக்கிறேன்.

அஞ்சம்மாள்


ஸ்ரீ:
திருவள்ளூர்
20-6-1971

அன்புள்ள அஞ்சம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள். சந்தோஷ சமாசாரம்.

போன வாரம் ராமபத்ரன் அண்ணா நாவலேரிக்கு வந்துபோனது உனக்குத் தெரியும். நான்தான் தினம் நச்சரித்து அனுப்பினேன். வந்து பார்த்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நம் மூதாதைகளின் கோயில் இப்படியா கிடப்பது என்று புலம்பினார். கும்மிடிப்பூண்டியில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் அருணாச்சலம் என்று ஒருவர் இருக்கிறார். அவர் பட்டறை திறந்த அன்று அண்ணாதான் பூஜை பண்ணினார். அவரிடம் அண்ணா பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். "நைனா பேர்ல ஒரு புண்ணியம் பண்ணணும்னு நெனச்சிக்கினே இருந்தேன் சாமி" என்று சொல்லி, மொத்தத்தையும் தானே செய்வதாக ஒப்புக்கொண்டுவிட்டார். ஆலமரத்தை வெட்டி, சுவரை எடுத்து, கான்கிரீட் தளம் போட்டு, சந்நிதிக்கு அவர் பட்டறையிலேயே கம்பிக்கதவும் செய்து தருகிறார். மகாபலிபுரத்தில் பெருமாளுக்கும் தாயாருக்கும் புது மூர்த்திகள் சொல்லியாகிவிட்டது. தை மாதம் பிரதிஷ்டை. லாரி வரவேண்டும் என்று உங்கள் ஊருக்கு ரோடுகூடப் போடப்போகிறார்கள்.

அஞ்சம்மா, நான் முப்பத்தேழு வயதுவரை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. ஜாதகம் சரியில்லை என்று கல்யாணமும் நடக்கவில்லை. அண்ணா அகத்தில் ஒரு மூலையில் இருக்கிறவள். என்னால் ஒரு கோயில் எழும்புகிறது என்று நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இதெல்லாம் உன் வீட்டில் தங்கியதால் வந்த பாக்கியம்.

பழைய தாயாருக்கு அங்கம் பின்னப்பட்டிருக்கிறது. பின்னமான மூர்த்தியை வைத்து ஆராதிக்கக் கூடாது, ஜலத்தில் சேர்த்துவிடவேண்டும் என்பது சாஸ்திரம். அந்தக் கவலை உனக்கு வேண்டாம், அண்ணா எல்லாவற்றையும் முறைப்படி பார்த்துக்கொள்வார். கையும் மூக்குமாக, சர்வ லட்சணத்தோடு புதியவள் வரப்போகிறாள். நீ கண்குளிரப் பார்க்கப்போகிறாய்.

வைஜயந்தி


நாவலேரி
9-7-1971

டீச்சரம்மாவுக்கு அஞ்சம்மாள் கும்பிட்டு எழுதுவது. லெட்டர் வந்தது. ஊரெல்லாம் இதே பேச்சு. ரோடு வருவதில் எல்லாருக்கும் சந்தோஷம். பிரசவத்துக்கு இனிமேல் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்கிறார்கள். அவரும் சந்தோஷமாக இருக்கிறார். உங்களைப் போன்றவர்கள் காலடி பட்டதால்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒன்று கேட்கலாமா என்று ரொம்ப நாளாக யோசித்தேன். தப்பாக இருந்தால் மன்னிக்கணும். புதுசு வரட்டும். பழசும் ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகக் கூடாதா? கோயிலுக்குள் ஆகாது என்றால் வெளியே, வேப்பமரத்தடியில் நிற்கட்டும். பூஜை எதுவும் வேண்டாம். யாரும் கும்பிட வேண்டாம். ஊனமாகப் பிறந்த பிள்ளையை யாரும் ஏரியில் போடுவதில்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு சாத்திரம் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த வருஷம் மாங்காய் காய்க்கவில்லை. வாங்க.

அஞ்சம்மாள்


ஸ்ரீ:
திருவள்ளூர்
24-7-1971

அன்புள்ள அஞ்சம்மாளுக்கு,

உன் கேள்வியை அண்ணாவிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் மனசு இறங்கி வந்து விளக்கமாகச் சொன்னார். அதை உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

பழைய மூர்த்தியில் இருக்கிற சாந்நித்தியத்தை, அதாவது தெய்வத்தின் இருப்பை, மந்திரம் சொல்லித் தீர்த்தக் குடத்தில் இறக்குவார்கள். பிறகு அந்தக் குடத்திலிருந்து புதியவளுக்கு ஏற்றுவார்கள். ஆக, உன் நாச்சியார் எங்கேயும் போகவில்லை. புது உடம்புக்கு மாறுகிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பழையது வெறும் கல். அதை வெளியே வைத்தால் யாராவது பூவைப் போட்டுக் கும்பிட ஆரம்பிப்பார்கள். அது ஊருக்கே நல்லதில்லை. நீ இதற்காக மனசை அலட்டிக்கொள்ளாதே.

ஆனால் உன் ஆசையை நான் புரிந்துகொள்ளாமல் இல்லை. இத்தனை வருஷம் அவளுக்கு ஊழியம் செய்தவள் நீ. உனக்கு ஒரு மரியாதை செய்யாமல் இந்தக் கைங்கர்யம் பூர்த்தியாகாது என்று அண்ணாவிடம் சண்டையே போட்டேன். கடைசியில் சம்மதித்தார். தாயாரை ஏரியில் சேர்க்கிறபோது முதல் கை உன்னுடையதுதான். ஊர்ப் பெரியவர்கள், அருணாச்சலம், அவருடைய சம்சாரம் எல்லாரும் கரையில் நிற்க, நீதான் தெப்பத்தில் போய் அனுப்பி வைக்கப்போகிறாய். பெண்களுக்கு இப்படி ஒரு மரியாதை கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது திருப்திதானே?

வைஜயந்தி


தபால் அட்டை
நாவலேரி
11-8-1971

டீச்சரம்மாவுக்கு, லெட்டர் கிடைத்தது. பெரியவர்கள் சொன்னால் சரி. உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். ஆலமரத்தை வெட்டியாகிவிட்டது. அஞ்சம்மாள்.


ஸ்ரீ:
திருவள்ளூர்
15-2-1972

அன்புள்ள அஞ்சம்மாளுக்கு,

வந்து சேர்ந்து நாலு நாள் ஆகியும் இன்னும் நான் தரையில் கால் பாவாமல்தான் இருக்கிறேன். அப்பா இருந்து பார்த்திருக்கவேண்டும். விமானத்தின் மேல் தீர்த்தம் விழுந்தபோது அண்ணா குழந்தை மாதிரித் தேம்பினார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

எனக்கு எல்லாவற்றையும் விட ஏரிதான் கண்ணில் நிற்கிறது. அருணாச்சலத்தின் ஆட்கள் தார்ப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு எவ்வளவு அழகாகத் தெப்பம் செய்திருந்தார்கள். நீ மஞ்சள் புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்து தாயார் சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு போனாய். நடு ஏரியில் பலகையைச் சாய்த்ததும் நீ இரண்டு கையாலும் தள்ளினாய். கரையில் இருந்த ஜனங்கள் மொத்தமும் "கோவிந்தா" என்று சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கரைக்கு வந்ததும் நீ பேச முடியாமல் ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாய். அன்று உன்னோடு உட்கார்ந்து பேசவே முடியவில்லை. வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விட்டது. அதுதான் ஒரு குறை.

பட்டறைக்காரர்கள் எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். தெப்பத்தில் நீ இருப்பது நன்றாக விழுந்திருக்கிறது. சட்டம் போட்டு மாட்டு.

வைஜயந்தி


ஸ்ரீ:
திருவள்ளூர்
28-3-1972

அன்புள்ள அஞ்சம்மாளுக்கு,

பதில் இல்லையே? அறுவடைக் காலம், நீ எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறாய் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். போட்டோ வந்ததா என்று மட்டுமாவது ஓர் அட்டையில் எழுது.

வைஜயந்தி


ஸ்ரீ:
திருவள்ளூர்
10-5-1972

அஞ்சம்மாளுக்கு,

தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்து நிற்கிறேன். மன்னி கேலி செய்கிறாள். எனக்குக் கோபமாகவே இருக்கிறது, அதை மறைத்து எழுதுவானேன்? அண்ணா போன வாரம் நாவலேரிக்கு வந்தபோது நீ கோயில் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று பூஜை பண்ண வரும் பட்டர் சொன்னாராம். இடிந்து கிடந்தபோது தினமும் போனவள், கட்டி முடித்த பிறகு ஏன் போகக் கூடாது? யாராவது ஏதாவது சொன்னார்களா? மரியாதையில் குறை வைத்துவிட்டோமா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வைஜயந்தி


நாவலேரி
2-6-1972

டீச்சரம்மாவுக்கு அஞ்சம்மாள் எழுதுவது.

உங்கள் லெட்டர் எல்லாம் வந்தது. போட்டோவும் வந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தெரிந்தாக வேண்டும் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். கால் அப்படியே பழகிவிட்டது. கம்பிக்கதவு பூட்டியிருந்தது. பொன்னேரியிலிருந்து சைக்கிளில் வரும் பட்டர் வந்து திறந்தார். நல்ல மனுஷர். "அம்மா, தீர்த்தத்தை வெளித் தொட்டியிலே விட்டுடுங்கோ, உள்ளே நான்தான் தொடணும்" என்று தன்மையாகச் சொன்னார். தொட்டியில் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். புதுசாக வந்தவள் அழகாகத்தான் இருக்கிறாள். பட்டு கட்டியிருக்கிறாள். கவனிக்க ஆள் இருக்கிறது. அவளுக்கு என்னால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையில் குறையும் இல்லை.

சாமியைக் குடத்தில் இறக்கிப் புதுசுக்கு ஏற்றிவிட்டால் பழசு வெறும் கல் என்று எழுதினீர்கள். உங்கள் அண்ணன் சாமியை இறக்கிக்கொண்டார், சரி. இத்தனை வருஷமாக நான் அவளிடம் சொல்லி வைத்ததை எல்லாம் எந்தக் குடத்தில் இறக்கினார்? குணாவுக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பாள், கடைசி நாள் தண்ணி கேட்டபோது வைத்தியர் கொடுக்கக் கூடாது என்றார் என்று நான் கொடுக்காமல் இருந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

குணாவை எடுத்துக்கொண்டு போனபோது, பொம்பளைங்க வரக் கூடாது என்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று இன்றுவரை நான் பார்க்கவில்லை. இவளை அனுப்பும்போது என் கையிலேயே கொடுத்துத் தள்ளச் சொன்னீர்கள். வாசலில் நிறுத்தினவர்கள் தேவலை, டீச்சரம்மா. தண்ணிக்குள் போகும்போது துணி மேலே மிதந்தது. அதைப் பிடிக்கப் போன என் கையை, தெப்பத்தில் கூட வந்த உங்கள் அண்ணன் விலக்கிவிட்டார். எல்லாரும் கோவிந்தா போட்டார்கள். கரைக்கு வந்ததும் நீங்கள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தீர்கள்.

முன்னாலேயே வாய்விட்டுச் சொல்வதற்கென்ன என்று கேட்பீர்கள். ஒருதரம் கேட்டேன். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு எங்கே வாய் இருக்கிறது? ஊருக்கு ரோடு வருகிறது, கோயில் வருகிறது. நடுவில் நான் ஒருத்தி கல்லுக்காக மல்லுக்கு நின்றால் நன்றாக இருக்குமா? அவரே என்னை, "இன்னாமே, ஒரு கல்லுக்கா இப்டி குந்திக்கினு கீற?" என்றுதான் கேட்டார். பாவம், அவர் மேலும் தப்பில்லை.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

அஞ்சம்மாள்


ஸ்ரீ:
திருவள்ளூர்
14-6-1972

என் அஞ்சம்மாளுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பிரித்தேன். பாதியில் எழுந்து வெளியே போய் நின்றேன். ஆனந்தக் கண்ணீர் என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் வீட்டில் ஒரு வாரம் படுத்து எழுந்தவள், நீ தண்ணீர் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தவள், எனக்கு எப்படி இது தோன்றாமல் போயிற்று? மரியாதை வாங்கித் தருகிறேன் என்று அண்ணாவிடம் சண்டை போட்டேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அழுது எழுதுவதால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் ஒரு முடிவு செய்துவிட்டேன். கோடையில் ஏரி வற்றி நடுவில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அருணாச்சலத்திடம் நேரிலேயே போய்ப் பேசினேன். ஆனி கடைசியில் அவர் பட்டறையிலிருந்து நாலு ஆட்கள் கயிறும் சங்கிலியுமாக வருவார்கள். நாச்சியாரை எடுத்து உன் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அங்கே யார் என்ன கேட்கமுடியும்? அண்ணாவிடமும் சொல்லிவிட்டேன். ஜலத்தில் சேர்த்ததை எடுப்பது குலத்துக்கே ஆகாது என்று கத்தினார். ஆகாவிட்டால் போகட்டும் என்றேன். பிறந்ததிலிருந்து அண்ணாவை நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அண்ணா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

எனக்குப் புருஷனும் இல்லை, குழந்தையும் இல்லை, பெற்றவள் படும் பாடு எனக்குத் தெரியாது என்று நினைத்து என்னை ஒதுக்கிவிடாதே. எனக்கு இருக்கிற சிநேகிதி நீ ஒருத்திதான். நீ பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். எழுதாவிட்டால் சரி என்று எடுத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிடுகிறேன்.

உன்
வைஜயந்தி


நாவலேரி
3-11-1972

டீச்சரம்மாவுக்கு அஞ்சம்மாள் எழுதுவது.

ஆட்கள் வந்தார்கள். நீங்கள் எழுதிய லெட்டரை நான் அவரிடம்கூடக் காட்டவில்லை. வேண்டாம் என்று எழுதுவதா, வாங்க என்று எழுதுவதா என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்துவிட்டேன். அதற்குள் அவர்களே வந்து நின்றார்கள்.

சகதியில் இறங்கி மூங்கிலால் குத்திக் குத்தித் தேடினார்கள். மல்லாந்து கிடந்தாள். கழுத்துவரை சேறு. கயிறு கட்டிக் கொஞ்சம் தூக்கியதும் முகம் வெளியே வந்தது. கரையில் ஊரே நின்றிருந்தது. எல்லாரும் பயந்து போயிருந்தார்கள். தண்ணியில் விட்ட சாமியைத் திரும்ப எடுத்தால் இந்த வருஷம் மழை வராது என்றார்கள். என் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார்கள். அவர் எல்லாரையும் பார்த்து, "அவ இன்னா சொல்றாளோ அதான். வேற எவனும் வாயத் தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்காக அவர் ஊரோடு மல்லுக்கட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் சேற்றில் இறங்கிப் போனேன். முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்தேன். கண்ணு, காது, மூக்கு ஓட்டை எல்லாம் சேறு. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மழை தவறினால் இவளால்தான் என்பார்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் இவளால்தான் என்பார்கள். இன்னொரு பெரியவர் வந்து இன்னொரு சாத்திரம் சொல்வார். மறுபடியும் என் கையில் கொடுத்து எங்கேயாவது தள்ளச் சொல்வார்கள். மூன்றாவது தடவைக்கு என்னிடம் பலம் இல்லை.

கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்றேன். அவர்கள் நம்பவில்லை. நான்தான் முடிச்சை அவிழ்த்தேன். தலைக்குக் கீழே கையைக் கொடுத்து மெதுவாகப் படுக்க வைத்தேன். தைமாசம் தள்ளினது நான் இல்லை, நீங்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினீர்கள். ஆனியில் படுக்க வைத்ததுதான் நான். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டேன். மறுநாள் அவர் முன்னால் நடக்க, குணாவைப் புதைத்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்திலேயே புது ரோடு போகிறது. லாரி போகிற சத்தம் கேட்கிறது.

மழை பிடித்துவிட்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது.

உங்கள் அண்ணனோடு பேச்சு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரோடு பேசிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? கோயிலுக்கு நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அது உங்கள் கோயில். எங்கள் வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம். எனக்காகத்தான் ஆட்களை அனுப்பினீர்கள், எனக்காகத்தான் கோயிலும் கட்டினீர்கள். இரண்டு தடவையும் நான் பதில் சொல்லும்வரை உங்களால் பொறுக்க முடியவில்லை. உங்கள் மேல் கோபம் இருந்தால் வாங்க என்று கூப்பிட்டு, முகத்துக்கு நேராக நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பேன். தேடிப் பார்த்தேன். கோபம் இல்லை. அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன்.

அஞ்சம்மாள்